பெல்ட் கோளாறு

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பாதிப் பக்கம் திட்டு, மீதிப் பக்கம் முட்டிவலி. ஒரு மாதமாக எழுதாதது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். எழுத உட்கார்ந்தால் கண் சொக்கிவிடுகிறது, பேனா தானாகக் கோடு இழுத்துக்கொண்டு போகிறது. அப்படிக் கோடு இழுத்த காகிதம் ஒன்று இங்கே கிடக்கிறது. அதையே அனுப்பட்டுமா?

ஒரு செய்தி. என்னை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். இதுவரை குடோனில் கீழே நின்று பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன் அல்லவா, இப்போது மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து, கட்டுகிறவர்களைக் கவனிக்கிற வேலை. சூப்பர்வைசர். சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கிறது, முக்கியமாக நாற்காலி உண்டு. கால் வீக்கம் வடிந்துவிட்டது. உடனே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள், முழுதும் படியுங்கள்.

கவனிக்கிற வேலை என்றேன், ஆனால் ஆட்களை நான் பார்ப்பதே இல்லை. முன்னால் ஒரு பெரிய திரை. அதில் ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. அவர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். கை ஓடினால் புள்ளி பச்சை, கொஞ்சம் நின்றால் மஞ்சள், இன்னும் நின்றால் சிவப்பு. சிவப்பானதும் நான் ஹெட்போனில் கூப்பிட்டு, "ஏன் நின்னீங்க?" என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்கிற காரணத்தைத் திரையில் தேடி அழுத்த வேண்டும். கழிப்பறை, அட்டைப்பெட்டி கிழிசல், பொருள் வரவில்லை, பெல்ட் கோளாறு என்று அதில் சில காரணங்கள் இருக்கின்றன. எதுவும் பொருந்தாவிட்டால் 'தனிப்பட்ட காரணம்'. அதை அழுத்தினால் அந்த ஆளுக்கு அன்றைய கூலியில் வெட்டு விழும்.

நாள் முழுக்க நான் பேசுகிற பேச்சு இது ஒன்றுதான். நேற்று அறைக்கு வந்து குழாயைத் திறந்தேன், தண்ணீர் விட்டு விட்டு வந்தது. குழாயைப் பார்த்து, "ஏன் நின்னீங்க?" என்று கேட்டேன். 

இங்கே யாரிடமும் வாயைத் திறந்து எதையும் சொல்ல முடியாது அப்பா. ஹெட்போனில் பேசுவது பதிவாகிறது. கம்பெனி கொடுத்த போனில் என்ன தட்டினாலும் அவர்களுக்குத் தெரியும் என்கிறார்கள். உங்கள் காதுக்குப் போன் உதவாமல் போனது எனக்கு ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. இந்தக் காகிதத்தில்தான் நினைத்ததை நினைத்தபடி சொல்கிறேன். அம்மா இருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். இப்போது நீங்கள்தான். கடிதம் வரவில்லை என்றால் மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை, அசந்துவிட்டேன் என்று அர்த்தம்.

முட்டிக்கு எண்ணெய் போட்டுத் தேயுங்கள். அலமாரியில் வைத்து அழகு பார்க்காதீர்கள்.

உங்கள்
வாயாடி


ஜனவரி 21

என் வாயாடிக்கு,

கோடு இழுத்த காகிதத்தையும் அனுப்பு, அதையும் படிப்பேன்.

நீ சூப்பர்வைசர் ஆனதை நான் தெருவெல்லாம் சொல்லவில்லை. மேளக்காரனிடம் மட்டும்தான் சொன்னேன். அவன் தெருவெல்லாம் சொல்லிவிட்டான். அதற்கு நான் என்ன செய்ய முடியும். மில்லில் பக்கத்துத் தறியில் நின்றவன், நாடகத்துக்கு மேளம் அடித்தவன், இப்போது எனக்குக் காதாகவும் இருக்கிறவன். அவனிடம் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

உன் புள்ளிகளைப் பற்றிப் படித்தபோது எங்கள் மேஸ்திரி ஞாபகத்துக்கு வந்தான். அவனும் ஏன் நின்றாய் என்றுதான் கேட்பான், கூடவே இரண்டு கெட்ட வார்த்தையும் இருக்கும். ஆனால் அவன் ஒரே ஆள். இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் நாங்கள் சாய்ந்து நிற்போம். அவனுக்கும் வயிறு கலக்கும், தலை வலிக்கும், வீட்டில் சண்டை வரும். உன் திரைக்கு வயிறே கிடையாதே, அதை என்ன செய்வது? அந்தக் காலம் நல்ல காலம் என்று அளக்கிறேன் என்று நினைக்காதே. தறிச் சத்தத்தால் என் இரண்டு காதையும் தின்றது அந்தக் காலம்தான்.

இங்கே ஒரு விஷயம். நம் நாடகக் குழுவை இப்போது நடத்துகிறாளே டீச்சர், அவள் வீட்டுக்கு வந்தாள். காகிதத்தில், "ஐயா, புது நாடகம் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்று எழுதிக் காட்டினாள். நான் பெருமையாக உள்ளே போய் வேலைநிறுத்த நாடகத்தைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் ஒத்திகைக்குப் போனேன். நடிக்கிற பெண்களில் ஒருத்தி, ஏதோ கணினி ஆபீஸில் வேலை பார்க்கிறாளாம், மேளக்காரனிடம் கேட்டிருக்கிறாள்: "தாத்தா, இதுல எல்லாரும் சேர்ந்து கத்துறாங்க. எங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் பேரே எனக்குத் தெரியாது. நான் யார்கூடச் சேர்ந்து கத்துறது?" மேளக்காரன் அதை என் காதருகே வந்து கத்தினான்.  நாடகத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா போன பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை, உனக்குத் தெரியும். காகிதத்தை எடுத்து வைப்பேன், பேனாவைத் துடைப்பேன், பிறகு எழுந்து போய் மோட்டார் போடுவேன். எழுதுவதற்கு எனக்குத் தெரிந்த உலகம் எதுவும் மிச்சமில்லை. நீ இருக்கிற இடம்தான் இப்போது உலகம். அந்தத் திரையைப் பற்றி இன்னும் எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

எண்ணெய் தேய்க்கிறேன். வாடை சகிக்கவில்லை.

உன் அப்பா


பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

மேளக்கார மாமா பக்கத்தில் இருந்தால் இதை மடித்து வைத்துவிட்டு, அவர் போன பிறகு படியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கீழே ஒரு அக்கா இருக்கிறாள். நான் பார்சல் கட்டிய நாட்களில் என் பக்கத்து மேஜை. நல்ல உயரம், அதனால் எல்லோருக்கும் நெட்டை அக்கா. ஐம்பது வயதைத் தொடுவாள், இரண்டு பெண்களைத் தனியாக வளர்க்கிறாள். மேஜை அவளுக்குக் குள்ளம், நாள் முழுக்கக் குனிந்துகொண்டே நிற்க வேண்டும். போன வாரம் அவள் புள்ளி சிவப்பானது. கூப்பிட்டேன்.

"ஏன் நின்னீங்க?"

"நிக்கலை மேடம். மூச்சு விட்டேன்."

அவள் வாயில் மேடம் என்று வந்தது சுருக்கென்றது. திரையில் காரணங்களை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். மூச்சு விடுவது அதில் இல்லை. 'தனிப்பட்ட காரணம்' அழுத்தினால் வெட்டு. அவள் பெண்களுக்குப் பரீட்சைப் பணம் கட்டுகிற நேரம். என் விரல் பாட்டுக்குப் போய் 'பெல்ட் கோளாறு' என்பதை அழுத்திவிட்டது. புள்ளி சாம்பல் நிறமானது. சாம்பலானால் கணக்கில் வராது.

"உக்காருங்க அக்கா. பெல்ட் கோளாறு."

"பெல்ட் நல்லாத்தானே ஓடுது?"

"உக்காருங்க."

காலிப் பெட்டிகளை அடுக்கி அதன் மேல் உட்கார்ந்தாள். எனக்கு மனது லேசாக இருந்தது. அந்த லேசில் ஒன்றை மறந்துபோனேன். கோளாறு என்று அழுத்தினால் மெக்கானிக்குக்குத் தகவல் போய்விடும்.

அவர் ஸ்பானரோடு வந்தார். ஓடிக்கொண்டிருக்கிற பெல்ட்டைப் பார்த்தார். உட்கார்ந்திருக்கிற நெட்டை அக்காவைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிக் கண்ணாடி அறையைப் பார்த்தார்.   நிதானமாக முட்டி போட்டு உட்கார்ந்தார், பெல்ட்டுக்கு அடியில் தலையை விட்டார், இரும்புச் சட்டத்தை ஸ்பானரால் டங் டங் என்று தட்டினார். அந்தப் பக்கம் போய்க் கொஞ்சம் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் நேரமாகும், பெரிய வேலை" என்று மைக்கில் சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தார். பெல்ட் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து தினமும் யாராவது ஒருவருக்குப் பெல்ட் கோளாறு வருகிறது. ஒரு பையனுக்குக் காய்ச்சல், ஒரு பெண்ணுக்கு மாதத்தொல்லை, இன்னொருத்தர் வீட்டில் சாவு. மெக்கானிக் வந்து ஓடுகிற பெல்ட்டை ரிப்பேர் செய்துவிட்டுப் போகிறார். நாங்கள் மூன்று பேரும் இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேச்சுப் பதிவை ஏதாவது புகார் வந்தால்தான் எடுத்துக் கேட்பார்களாம், அதனால் பயமில்லை.

இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அன்று சாப்பாடு ருசித்தது. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் உங்களோடு இருக்கட்டும். வெளியே தெரிந்தால் மூன்று பேருக்கும் சீட்டு கிழிந்துவிடும்.

உங்கள்
வாயாடி


பிப்ரவரி 24

என் வாயாடிக்கு,

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. காதை வைத்துக் கேட்டாரா? இவரல்லவா நடிகர். அறுபது நாடகம் எழுதியிருக்கிறேன், இப்படி ஒரு ஆளை எனக்கு எழுதத் தோன்றவில்லையே என்று எரிச்சலாகவும் இருந்தது.

மேளக்காரனிடம் மூச்சு விடவில்லை. என் முகத்தைப் பார்த்து, "என்னடா, லாட்டரி அடிச்சுதா?" என்று கேட்டான். வயிற்றுவலி என்றேன். நம்பவில்லை, போய்விட்டான்.

நெட்டை அக்காவை விசாரித்ததாகச் சொல். வேண்டாம், சொல்லாதே, உங்கப்பாவுக்கு என்னை எப்படித் தெரியும் என்று கேட்பாள்.

இன்னொன்று. நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். என்ன, ஏது என்று கேட்காதே. பாதியில் சொன்னால் எனக்குப் பால் திரிந்த மாதிரி ஆகிவிடும், உனக்குத்தான் தெரியுமே. காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் உட்கார்ந்துவிடுகிறேன். டீ ஆறிப்போய்க் கிடக்கிறது. நேற்று மோட்டாரை நிறுத்த மறந்து மாடியெல்லாம் தண்ணீர். கீழ்வீட்டுக்காரி கையை ஆட்டி ஆட்டித் திட்டினாள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நீ நன்றாகத் தூங்கு. ஓய்வு நாளில் அறையில் அடைந்து கிடக்காமல் வெளியே போய்விட்டு வா.

உன் அப்பா


மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

சின்னக் கடிதம்தான் இது, கோபிக்க வேண்டாம். புது மாதத்திலிருந்து பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் குறைத்துவிட்டார்கள். முன்பு ஒரு ஆள் தும்மினால் பச்சையாகவே இருப்பான், இப்போது தும்மினால் மஞ்சள். திரையில் எங்கே பார்த்தாலும் மஞ்சளாகக் கிடக்கிறது. கண்ணை மூடினாலும் புள்ளிகள் நகர்கின்றன. வெளியே போய்விட்டு வா என்கிறீர்கள். ஜன்னலைத் திறந்தால் மேம்பாலத்தின் அடிவயிறு, கதவைத் திறந்தால் கீழே பைக் ரிப்பேர் கடை. பஸ் ஏறி எங்கேயாவது போகலாம் என்று நினைப்பேன், செருப்பை மாட்டுவதற்குள் அலுத்துவிடும்.

நீங்கள் எழுதுகிறீர்கள் என்று படித்ததும் எனக்கு அழுகை வந்தது. நல்ல அழுகைதான். என்னவென்று கேட்கவில்லை. நீங்கள் எழுதுகிற நாட்களில் அம்மா டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவாள். நானும் அப்படி வைத்துவிட்டுப் போகிறேன்.

நெட்டை அக்கா இப்போது என்னை மேடம் என்று கூப்பிடுவதில்லை. நேற்று கூப்பிட்டதும், "என்னம்மா, சாப்பிட்டியா?" என்றாள். ஏன் நின்னீங்க என்று கேட்க வேண்டியவள் நான், சாப்பிட்டேன் அக்கா என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் என்னைச் சாப்பிட்டியா என்று கேட்ட முதல் ஆள் அவள்.

ஜூன் மாதம் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வருகிறேன்.

உங்கள்
வாயாடி


ஏப்ரல் 22

என் வாயாடிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. உன் அப்பன் நாடகம் போட்டுவிட்டான்.

பஸ் நிலையத்தில் போட்டோம். மேடை கிடையாது. நீளமான கறுப்புத் துணியை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள், அதுதான் பெல்ட். ஸ்பானரோடு ஒருவன் வந்து முட்டி போட்டு, துணிக்கு அடியில் தலையை விட்டான். மேளக்காரன் டங் டங் அடித்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சத்தம் கேட்காது, ஆனால் தோள்கள் குலுங்குவது தெரிந்தது, அத்தனை தோள்கள். பஸ் வந்து நின்றும் பாதிப் பேர் ஏறவில்லை. வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோகிற பையன்கள் பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார்கள். "நிக்கலை, மூச்சு விட்டேன்" என்ற இடம் வந்ததும் சிரிப்பு பட்டென்று நின்றுபோனது. ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஆபீஸ் பெண்தான் அதைச் சொன்னாள், என்னமாய்ச் சொன்னாள் என்று மேளக்காரன் இன்னும் என் காதில் கத்திக்கொண்டிருக்கிறான். யார்கூடச் சேர்ந்து கத்துவது என்று கேட்டவள்.

நாடகத்தின் பெயர் 'பெல்ட் கோளாறு'.

நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. முதலில் கேள். எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பார்சல் குடோனை மருந்துக் கம்பெனி ஆக்கினேன். உன்னை ஆம்பிளை ஆக்கி மீசை வைத்துவிட்டேன். நெட்டை அக்காவைக் குள்ளமாக்கிவிட்டேன். மெக்கானிக்குக்குத் தொப்பை. ஊர் எது என்று சொல்லவே இல்லை. பெற்ற எனக்கே உன்னை அதில் அடையாளம் தெரியவில்லை, வேறு யாருக்குத் தெரியப்போகிறது? உன்னிடம் முன்பே கேட்டிருக்கலாம். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், எனக்குக் கை நின்றுபோகும் என்று பயம். வயதானவன் பயம், மன்னித்துவிடு.

யாரோ போனில் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். எங்கெங்கோ இருந்து டீச்சருக்குச் செய்தி வருகிறதாம், எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று. ஆறு வருடமாகச் செத்துக் கிடந்தேன். இப்போது காலையில் எழுந்திருக்கத் தோன்றுகிறது. இதற்கு நீதான் காரணம், அதையும் சொல்லிவிட்டேன்.

ஜூனில் வருவாய் அல்லவா, உனக்காக ஒருமுறை போடச் சொல்கிறேன்.

உன் அப்பா


மே 17

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நாடகம் இங்கே வந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னிடம் காட்டி, "மேடம், நம்ம கதை மாதிரியே இருக்கு பாருங்க" என்றாள். கறுப்புத் துணியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். நன்றாக இருந்தது அப்பா. நீங்கள் எழுதியதிலேயே நல்ல நாடகம் அது. ஓரத்தில் உங்கள் வழுக்கைத் தலை தெரிந்தது, அதைப் பார்த்துப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு கீழே யாராவது கொஞ்சம் நின்றாலே பக்கத்தில் இருப்பவர்கள், "என்ன, பெல்ட் கோளாறா?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பு கண்ணாடி அறை வரைக்கும் கேட்டது. மேனேஜர் வந்தார். கூட்டம் போட்டு, பெரிய திரையில் நாடகத்தை ஓடவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. எல்லா ஷிப்டிலும் பெல்ட் கோளாறு எத்தனை என்று எடுத்துப் பார்த்தார்கள். என் ஷிப்டில்தான் பெல்ட் தினமும் கெட்டுப்போயிருந்தது. பதிவையெல்லாம் எடுத்துக் கேட்டார்கள், முதலில் மாட்டியது நெட்டை அக்காவின் குரல். மெக்கானிக்கை அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். போகும்போது வாசலில் ஒருமுறை திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நெட்டை அக்காவை அனுப்புகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நீங்கள்தானே அவளை உட்காரச் சொன்னது, நீங்களே போகவும் சொல்லுங்கள் என்றார் மேனேஜர். எதிரே உட்கார வைத்துச் சொன்னேன். அவள் அழவில்லை.

"நாடகத்துல மூச்சு விட்டேன்னு வருதே, அது நான் உன் காதுல சொன்னது. வேற யாருக்கும் தெரியாது" என்றாள்.

"அக்கா, நான் எங்கப்பாவுக்கு மட்டும்தான் எழுதினேன்" என்றேன்.

"நீ எனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சேன். நான் மூச்சு விட்டது உங்க வீட்டுக்கு நாடகமாப் போச்சு, இல்ல?" என்றாள். பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஊரை மாற்றினீர்கள், எனக்கு மீசை வைத்தீர்கள், அவளைக் குள்ளமாக்கினீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் ஏன் அப்பா விட்டுவைத்தீர்கள்? எனக்குத் தெரியும். அது நல்ல வரி, அதனால். அதை வெட்ட உங்களுக்கு மனசு வந்திருக்காது.

என்னை அனுப்பவில்லை. புதுத் திரை ஒன்று வருகிறது, அதைப் பழக்குவதற்கு ஆள் வேண்டுமாம். இனிமேல் பெல்ட்டைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். காரணங்களை எடுத்துவிட்டார்கள். நான் யாரையும் ஏன் நின்னீங்க என்று கேட்கவும் வேண்டாம், கூலியை அதுவே வெட்டிக்கொள்ளும். நான் அங்கே உட்கார்ந்திருந்தால் போதும். கீழே யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. காட்டிக்கொடுத்ததற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

உங்கள் மேல் கோபமா என்றால், கோபப்படுவதற்குத் தெம்பில்லை. வருத்தம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. ஜூனில் வரவில்லை. லீவு கிடைத்தது, நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மகள்


மே 29

என் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஒரு பதில் எழுதினேன். நான்கு பக்கம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், நான் செய்தது சரி என்று அதில் நிரூபித்திருந்தேன். வசனம் எல்லாம் ஜோராக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீ சொன்னது உண்மை. அந்த வரியை மாற்றத்தான் பார்த்தேன். களைப்பாக இருக்கு என்று எழுதினேன், கால் வலிக்குது என்று எழுதினேன். எதுவும் அது போல இல்லை. அடித்துவிட்டு மறுபடியும் அதையே எழுதினேன். எழுதும்போது அது ஒரு பெண் உன் காதில் சொன்னது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வரியாகத்தான் தெரிந்தது. அறுபது நாடகம் எழுதினவனுக்குப் புத்தி இவ்வளவுதான்.

டீச்சரிடம் போய் நாடகத்தை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள், சொல்லவில்லை. அவள் காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: "ஐயா, இது இப்ப எங்க கையில இல்ல. எங்கெங்கயோ போடுறாங்க." எங்கோ ஒரு குடோனில் இந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு உட்கார ஸ்டூல் கேட்டு வாங்கியிருக்கிறார்களாம். இதை உன்னிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. நடந்ததால் சொல்கிறேன். அந்த ஸ்டூலில் நெட்டை அக்கா உட்காரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். சரி, நாடகம் இருக்கட்டும், அந்த வரியை மட்டுமாவது எடுங்கள் என்று கெஞ்சினேன். எடுத்தார்கள். அந்தப் பெண் அதைச் சொல்லாமல் விட்டதும், கூட்டத்தில் இருந்தவர்களே சேர்ந்து சொல்லிவிட்டார்களாம். மேளக்காரன் வந்து சொன்னான். அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நானே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அவன் பேசாவிட்டால் எனக்கு இந்த வீட்டில் பேச்சு என்பதே கிடையாது.

அந்த அக்காவின் விலாசம் கிடைத்தால் அனுப்பு. நான் வந்து அவள் காலில் விழுகிறேன். உனக்கு இதில் சம்பந்தமில்லை என்று நேரில் சொல்கிறேன்.

இனி நாடகம் எழுதமாட்டேன். பேனாவைக் கீழ்வீட்டுக்காரியின் மகனிடம் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்குக்கூட அவனிடம் இரவல் வாங்கித்தான் எழுதுகிறேன். நீ எனக்கு எழுதுவது என்னோடு இருக்கும். சத்தியமாக என்னோடு மட்டும் இருக்கும்.

உன் அப்பா


ஜூலை 3

என் வாயாடிக்கு,

கடிதம் வரவில்லை. அசந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பும்போதே கையை விரித்துக் காட்டிவிடுகிறார், நான் படி இறங்க வேண்டாம் என்று. நல்ல மனிதர். ஆனாலும் இறங்கிப் போய் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

அக்கா என்ன செய்கிறாள், வேறு வேலை கிடைத்ததா? நீ சாப்பிடுகிறாயா? புதுத் திரை எப்படி இருக்கிறது? கீழே யாராவது உன்னிடம் பேசுகிறார்களா? ராத்திரி தூக்கம் வருகிறதா? எதையாவது எழுது. என்னைத் திட்டி எழுது, அம்மா திட்டுவாளே அந்த மாதிரி, நாள் கணக்காகத் திட்டு. மேளக்காரனுக்குக்கூடச் சொல்லமாட்டேன். உலகத்தில் எனக்குக் கேட்கிற குரல் உன்னுடையது ஒன்றுதான், அதுவும் காகிதத்தில்தான் கேட்கிறது. நான் சாகிற வரைக்கும் கோபமாக இரு, ஆனால் அந்தக் கோபத்தை எழுது.

உன் அப்பா


ஆகஸ்ட் 6

அன்புள்ள அப்பாவுக்கு மகள் எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலமாக இருக்கிறேன். அங்கே நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன.

எனக்கு வேலை நல்லபடியாகப் போகிறது. வேளைக்குச் சாப்பிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே போன வாரம் மழை பெய்தது, இப்போது விட்டிருக்கிறது. அங்கே மழை உண்டா?

மாத்திரையைத் தவறாமல் சாப்பிடவும். மாடிப்படியில் பார்த்து இறங்கவும். மேளக்கார மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மகள்